சாயம்தான், மாமா

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எனக்குள் விளக்கு வைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த விளக்கு வருகிற புதன்கிழமை. இன்று வெள்ளி. நடுவில் இருக்கிற நாட்களில் எனக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, மூத்திரம் போவதையும் அதைக் குனிந்து பார்ப்பதையும் தவிர. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூத்திரம் என்று எழுதியதற்கு யாராவது முகம் சுளித்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதில் முழுக்க அதுதான் ஓடப்போகிறது. சிறுநீர் என்று நாசூக்காக எழுத எனக்கும் தெரியும், எட்டாம் வகுப்பு வரை படித்தவன்தான். ஆனால் அது அடைத்துக்கொண்டு உயிர் போகும்போது ஒருவனும் சிறுநீர் என்று கத்துவதில்லை.

எனக்கு வந்திருப்பது மூத்திரப் பையில் புற்றுநோய். வயது நாற்பத்தைந்து. திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில் பதினெட்டு வருஷம் சிவப்புத் தொட்டியில் நின்றவன். என் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை அநேகமாகத் தீர்ந்துவிட்டது. நான் இதை எழுதுவது எத்திராஜுக்காக. அவன் என் மனைவி தனத்தின் தம்பி. நான் படுத்ததிலிருந்து எனக்குப் பதிலாக அதே தொட்டியில் நிற்கிறான். அவனுக்கும் இப்போது சிவப்பாகப் போகிறது. கேட்டால் சாயம் என்கிறான். நானும் எட்டு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்றிருக்கிறான். அது சாயமா ரத்தமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

கைலிக்குப் போகிற நூலுக்குச் சாயம் ஏற்றுகிற பட்டறை அது. எட்டுத் தொட்டிகள். நூல் கட்டுகளைக் கழியில் மாட்டி, சாயத்தில் முக்கி, புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். சாயப்பொடி டின்னில் வரும். மூடியைத் திறந்தால் பொடி புகையாகக் கிளம்பி மூக்கிலும் வாயிலும் போகும். கையால் அள்ளித்தான் கரைப்போம். சாயத்தில் கலக்கிற சோடாக் காரம் போதுமா என்று மேஸ்திரி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவரைப் பார்த்து நாங்களும் நக்கினோம். எச்சில் சிவப்பு, வியர்வை சிவப்பு, காதுக் குறும்பி சிவப்பு. தனம் என் தலையணை உறையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் சிவந்துவிடும். இப்படி இருக்கிறவனுக்கு மூத்திரம் மட்டும் வெள்ளையாகப் போக வேண்டும் என்று என்ன சட்டம்?

பட்டறைக்குப் பின்னால் ஒரு மதில். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் அங்கேதான் வரிசையாக நிற்போம். "இன்னாபா, இன்னிக்கு இன்னா கலரு?" என்று பக்கத்தில் நிற்பவன் கேட்பான். மஞ்சள் தொட்டிக்காரனைப் பார்த்து, "ஒனக்கு இன்னாடா, ஊரே போற கலருதான்" என்று கேலி செய்வோம். புதிதாக வந்தவனுக்கு முதன்முதலாக நிறம் போகிற அன்று அவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அன்றிலிருந்துதான் அவன் சாயக்காரன். அதுவரை வெறும் கூலி. நான் டீ வாங்கித் தந்தேன். என் சிபாரிசில் சேர்ந்த எத்திராஜும் வாங்கித் தந்தான். அன்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு வந்த சிவப்பு வேறு சிவப்பு என்று கண்டுபிடிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதையும் விட்டேன். பொங்கலுக்குப் பட்டறையை நாலு நாள் மூடினார்கள். நாலாம் நாள், காணும் பொங்கலன்று, கடற்கரை மணலில் ஒதுங்கினேன். சிவப்பாகத்தான் போயிற்று. நாலு நாளாகப் பொடியைத் தொடவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. பதினாறு, பதினேழு வருஷத்துச் சாயம் நாலு நாளில் கழுவிக்கொண்டு போய்விடுமா, உள்ளே ஊறிக் கிடக்கும் என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். மடையன்.

என் வேட்டியில் கறையைப் பார்த்த தனம் அது சாயம் என்று நம்பவில்லை. சூடு என்றாள். "நாள் முச்சூடும் கொதிக்கிற தொட்டியாண்ட நின்னா ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? சூடு ஏறிக்கினு கீது" என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஐந்தாறு நாளில் சிவப்பு நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் பரம திருப்தி. பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தது, மறுபடி வெந்தயம், மறுபடி நின்றது. இந்த நோயின் அயோக்கியத்தனமே இதுதான். வலிக்காது. வரும், தானாகவே போகும். நாம் எதைத் தின்றோமோ அதற்குப் பெயர் கிடைக்கும். கொஞ்சம் வலித்திருந்தால் நான் தை மாதமே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில், தொட்டியில் நிற்கும்போது முட்டிக்கொண்டு வந்தது. மதிலுக்குப் போனேன். ஒரு சொட்டு வரவில்லை. திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பதினோரு மணிக்குள் அடிவயிறு குடம்போல் வீங்கிவிட்டது. நான் போட்ட கூச்சலில் எட்டுத் தொட்டியும் நின்றது. நூல் மூட்டை ஏற்ற வந்த லாரியில், மூட்டைகளின் மேல் என்னைக் கிடத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராயபுரத்துக் கல் பாவிய ரோட்டில் லாரி குதித்த ஒவ்வொரு குதிப்பும் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது கத்தியால் வயிற்றைக் கிழிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். முதலில் கறுப்பாகக் கட்டி கட்டியாக வந்தது. ரத்தம் உறைந்து வாயை அடைத்துக்கொண்டிருந்ததாம். அப்புறம் குபுகுபுவென்று ஒரு பேசின் நிறைய. நான் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சாயம்மா அது, பயப்படாதீங்க" என்று அந்த நிலைமையிலும் அவளுக்குத் தைரியம் சொன்னேன். பட்டறைக்காரன் புத்தி வேறு எப்படி இருக்கும்?

மறுநாள் சோதனைக்கூடத்து மனிதர் ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். என் மூத்திரத்தை ஒரு நீளக் கண்ணாடிக் குவளையில் எடுத்தார். அவரிடமும் நான் சாயம் என்று ஆரம்பித்தேன். மற்றவர்கள் மாதிரி அவர் சிரிக்கவில்லை. குவளையை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஜன்னலில் வைத்தார்.

"சாயமா இருந்தா சாயங்காலம் வரைக்கும் இதே மாதிரி இருக்கும். ரத்தமா இருந்தா அடியில இறங்கிடும், மேல தெளிஞ்சுடும். நீயே பாத்துக்கிட்டு இருப்பா. நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு வெளுத்தது. ஒரு மணி நேரத்தில் மேலே சாதாரண மஞ்சள், அடியில் சிவப்பு வண்டல். இவ்வளவுதான் சோதனை. ஒரு கண்ணாடிப் பாத்திரம், ஒரு மணி நேரம். எங்கள் மதில் பக்கம் இத்தனை வருஷமாக எத்தனை பேர் நின்றோம், ஒருவனுக்கும் இதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை. மதிலின் மேல் அடித்தால் எது எங்கே தெளியும்?

பிறகு விளக்கு. பேனா பருமனுக்கு ஒரு வெள்ளைக் குழாய், அதன் நுனியில் கடுகளவு விளக்கு, மறு நுனியில் கண் வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடி. மூத்திரம் வருகிற வழியே அதை உள்ளே விடுகிறார்கள். மரத்துப்போக மருந்து ஊற்றுகிறார்கள், மரத்தும் போகிறது, ஆனால் வெட்கம் மரத்துப்போகவில்லை. இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டி, ஆறேழு பேர் சுற்றி நிற்க, ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். பையில் தண்ணீர் நிரப்பித்தான் பார்க்க முடியுமாம். "என்ன சார் தெரியுது?" என்று கேட்டேன்.

பெரிய டாக்டர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார். "எண்ணூர் உப்பங்கழி பாத்திருக்கியா? கல்லுல பாசி ஒட்டிக்கிட்டுத் தண்ணியில அசையும் பாரு, அந்த மாதிரி ஒண்ணு உள்ள அசையுது. அதோட நுனி உடைஞ்சுதான் ரத்தம் வருது. வேர் எவ்வளவு ஆழம்னு பாக்கணும்."

அடுத்து, கையில் ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக இறங்கும்போது படத்தில் வழியெல்லாம் தெரியுமாம், எங்கே அடைப்பு என்று தெரியுமாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம். பக்கத்துக் கட்டிலில் இருந்த துறைமுகத்து நிலக்கரிக் கூலிக்காரர் ஒருவர், நான் கிளம்பும்போது வெற்றிலை கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். அவருக்கும் மூத்திரப் பைதான் என்று பிறகு தெரிந்தது. அந்த வெற்றிலையை நான் போடவும் இல்லை, எறியவும் இல்லை. அது தலையணை அடியில் காய்ந்துபோயிற்று.

நோயின் பெயரைத் தனத்திடம் வார்டுக்காரர் புற்று என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் புத்து என்றால் ஒன்றுதான். எங்கள் ஊர் சாமியே புற்றுதானே. திருவொற்றியூர்க் கோயிலில் மூலவர் புற்று மண், மேலே கவசம் போட்டிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் திறப்பார்கள். அவள் முகத்தில் பயத்துக்குப் பதிலாக ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நம்ம சாமிதான் வந்து குந்திகினு கீது. நா எதுனா வேண்டிக்கினு மறந்துட்டனோ இன்னாவோ" என்றாள்.

கோயிலுக்குப் போய் அழுதாள், நேர்ந்துகொண்டாள், விபூதி கொண்டுவந்து அடிவயிற்றில் பூசினாள். அது அந்தப் புற்று இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. யாரோ மூன்று மாதம் கழித்துச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் சமையல் செய்யவில்லை. சாமிக்கு வருஷத்தில் ஒரு முறைதான் கவசம் திறக்கிறார்கள், எனக்கு நாலு முறை திறக்கிறார்கள் என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதல் முறை சுட்டு எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்துவிட்டு, அதே குழாய் வழியாக ஒரு கம்பியை விட்டு, மின்சாரத்தால் அந்தப் பாசியைக் கருக்குவது. பிறகு பத்து நாள் குழாயோடு கிடக்க வேண்டும். குழாய் வழியாக வருவது சிவப்பிலிருந்து ரோஸாகி, ரோஸிலிருந்து மஞ்சளாகிற வரை விடமாட்டார்கள். நான் சாயக்காரன், நிறம் பார்க்கத் தெரிந்தவன். நர்ஸம்மா பார்ப்பதற்கு முன்னால் நானே இன்றைக்கு நேற்றைவிட ஒரு சாயல் குறைச்சல் என்று சொல்லிவிடுவேன். என் தொழில் எனக்கு உதவியது அந்தப் பத்து நாள்தான்.

எத்திராஜை நான் கெடுத்தது இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான்.

அவன் பத்து வருஷம் எங்கள் பட்டறையில் இருந்தவன். கல்யாணமான பிறகு அவன் பெண்டாட்டிக்கு அந்த வாடை ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான காத்திவாக்கத்துக்கே போய், உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடித்துக்கொண்டிருந்தான். அப்படி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. கறுத்து, உரமேறி, நன்றாக இருந்தான். தினமும் விடியற்காலை இறாலை விற்றுவிட்டு, நடந்தும் பஸ்ஸிலுமாக ஆஸ்பத்திரிக்கு வருவான். தனம் செய்த குழம்பைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவான். சோற்றைப் பிசைந்து அவனே எனக்கு ஊட்டினான் ஒரு நாள். நான் வேண்டாம் என்றதற்கு, "சொம்மா துன்னு மாமா, யாரு பாக்கறாங்க" என்றான்.

பட்டறையில் பத்லி என்று ஒரு வழக்கம். ஒருவன் வர முடியாவிட்டால் அவனே ஒரு ஆளைப் பதிலுக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இடம் அவனுடையதாகவே இருக்கும். நிறுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். எனக்குப் பதினெட்டு வருஷத்து இடம் போய்விடுமே என்ற கவலை. மற்ற கவலைக்கெல்லாம் அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

"ஒரே ஒரு மாசம் எனக்கு பத்லி நில்லுடா" என்று கேட்டேன்.

அவன் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒரு மாசம்தானே மாமா. நிக்கறேன், வுடு. அவகிட்ட நா சொல்லிக்கறேன்" என்றான்.

அந்த ஒரு மாதம் இப்போது ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து விளக்கு வைத்தார்கள். சுட்ட இடம் ஆறியிருந்தது, பக்கத்தில் இரண்டு சின்னப் பாசி. மறுபடி சுட்டார்கள். அடுத்த மூன்று மாதம் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அன்றைக்கு நானும் தனமும் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் வாங்கித் தின்றோம். அடுத்த முறை நாலு இருந்தது. அதற்கடுத்த முறை இந்த வருஷம் ஆடி மாதம். பெரிய டாக்டர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். அவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதை வைத்தே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். சுட்டு முடித்த பிறகு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு முறை வந்தால் பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். பை இல்லாவிட்டால் மூத்திரம் எங்கே போகும் என்று கேட்டேன். சிறுநீரகத்திலிருந்து வருகிற இரண்டு குழாயையும் மலக்குடலில் சேர்த்துத் தைத்துவிடுவார்களாம். இரண்டும் ஒரே வழியில் போகும். கோழிக்குப் போகிறது போல என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பிழைப்பேனா என்றதற்கு, "பாதிப் பேர் தாங்கிடறாங்க" என்று சொல்லவந்து, பாதி என்ற வார்த்தையிலேயே நிறுத்திக்கொண்டு, "தாங்கிடறாங்கப்பா" என்றார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அன்றைக்குத்தான் அவர் இதையும் கேட்டார்: "உன்னோட தொட்டியில வேற யாரெல்லாம் வேலை செஞ்சாங்க?"

சொன்னேன். நாக்கில் வைத்துப் பார்த்த பழைய மேஸ்திரி வேலையை விட்டு இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். நீர்க்கடுப்பு என்றார்கள். நீலத் தொட்டிக்காரர் ஒருவர் ஊருக்குப் போய் இறந்தார். ரத்தமாகப் போய் இறந்தார் என்று காதில் விழுந்தது. சீமையில் சாயத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்த நோய் வருவதாகப் படித்திருக்கிறேன் என்றார் டாக்டர். வேலையை விட்டுப் பல வருஷம் கழித்துக்கூட வருமாம். பொடி உள்ளே போய் மூத்திரப் பையில்தான் தங்கி நிற்கிறதாம்.

"விட்டுட்டுப் போனவங்களையும் ஒரு தடவை கூட்டிக்கிட்டு வா. ஆரம்பத்துல பாத்தா சுட்டே தீத்துடலாம். உன் மாதிரி எட்டு மாசம் விட்டா கஷ்டம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் எத்திராஜைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவன் பத்து வருஷம் நின்று, விட்டுப் போய்விட்டவன். உப்பங்கழியிலேயே இருந்திருந்தால் ஒரு நாள் சிவப்பாகப் போனதும் பதறியிருப்பான். அங்கே சாயம் ஏது? ஊரே கூடி அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, சிவப்பாகப் போனால் சிரிக்கிற இடத்தில் மறுபடி நிறுத்தினேன். அவனுக்கு வந்திருக்கிறதோ இல்லையோ, வந்தால் தெரியாமல் போகிற வழியை நான் செய்து வைத்தேன்.

அவனிடம் சொன்னேன். சிரித்தான். "ஒனக்கு வந்ததுலேர்ந்து எல்லாரு மூத்திரத்தையும் மோந்து பாக்கற மாமா" என்றான்.

"ஒனக்கு கலரு போவுதாடா?"

"போவாம? செவப்புத் தொட்டியில நின்னா பச்சையாவா போவும்? சாயம்தான், மாமா."

"ஒரு வாரம் வேலைக்குப் போவாம இருந்து பாரு."

"போவலன்னா ஒன் எடம் பூடும். ஒன் எடத்துக்குத்தானே நா நின்னுகினு கீறேன்?"

எனக்கு அந்த இடம் வேண்டாம், அதில் நெருப்பு வைக்கட்டும் என்று கத்தினேன். நான் நோயாளி, கத்துவேன் என்று எல்லோரும் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்கள். தனம்கூட, "அவன இன்னாத்துக்கு பேஜார் பண்ற?" என்று அவன் பக்கம் பேசினாள். அவளுக்கு ஒரு புற்று போதும். இரண்டாவதைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கடைசியில் கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வா, மீன் குழம்பு, சாப்பிடு, ஒரு பாட்டிலில் போய்க் கொடு, ஒரு மணி நேரம் இரு, சாயம் என்றால் ஜன்மத்துக்கும் இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்றேன். "சரி, ஒன் பைத்தியம் தெளியட்டும்" என்று ஒப்புக்கொண்டான்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு, மாலை நாலு மணி.

அவன் பதினொன்றரைக்கு வந்தான். பட்டறைப் பனியனோடேயே வந்தான், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு கொதி சாயம் இறக்கிவிட்டு வந்தானாம். ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிற மிக்ஸர் பாட்டில்கள் இரண்டைக் கழுவிக் காயவைத்திருந்தேன். வேளைக்கு எவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டியிருப்பார்களே, அந்தப் பாட்டில்கள். ஒன்றில் அவன் கொல்லைப்புறம் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். இன்னொன்றில் அவனுடைய பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தச் சாயத் தண்ணீரை நான் ஊற்றினேன். இரண்டையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே சிவப்பு. எது எது என்று எனக்கே சந்தேகம் வந்து, அவனுடையதன் கழுத்தில் ஒரு நூலைக் கட்டினேன்.

"பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

நான் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தேன். உள்ளே அவனும் தனமும் பேசுவது கேட்டது. மீன் எங்கே வாங்கினாள், அவன் பெண்டாட்டிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது, சடையங்குப்பத்தில் தண்ணீர் வடிந்ததா என்றெல்லாம் பேச்சு. அவன் இரண்டாம் தரம் சோறு கேட்டான். எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் விட்டுப்போய் ரொம்ப நாள் ஆகிறது. இன்றைக்குக் கும்பிட்டேன். எனக்காக இல்லை. புதன்கிழமை என் பையை எடுத்துக்கொள்ளட்டும், கோழி மாதிரியே இருந்துவிட்டுப் போகிறேன், இது மட்டும் சாயமாக இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

நூல் கட்டாத பாட்டில் அப்படியே இருந்தது. நூல் கட்டிய பாட்டிலில், மேலே ஒட்டியிருந்த காகிதத்தின் முதல் வேளைக் கோட்டுக்கு நேராக, சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. வெயில் படுவதால் அப்படித் தெரிகிறது என்று பாட்டிலை நிழலுக்கு நகர்த்தினேன். இரண்டாவது கோடும் தெளிந்தது. மூன்றாவது கோட்டில் அதன் வழியாக ஜன்னல் கம்பி தெரிந்தது. பதினெட்டு வருஷம் சாயத்தில் நின்றவனுக்கு இனி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா மாமா, இன்னா கலரு?" என்று உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே கேட்டான்.

கை கழுவி வந்தவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். பாட்டிலை எடுத்து, அடியில் கிடந்த சிவப்பைப் பார்த்து, பலமாகக் குலுக்கினான். எல்லாம் கலந்து மறுபடி ஒரே சிவப்பாயிற்று.

"தோ பாரு. ஒண்ணியும் இல்ல. சாயம்தான், மாமா" என்று சொல்லி, பழைய இடத்திலேயே வைத்தான்.

ஆனால் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தான். தனமும் ஈரக்கையோடு வந்து நின்றாள். மூன்று பேரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் கோடு மறுபடி தெளியத் தொடங்கியதும் தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது கோடும் தெளிந்த பிறகு அவன் கேட்டான். "பொதன்கெயம எத்தினி மணிக்குப் போவணும்?"

"ஏழு மணிக்கு. ரெண்டு பேருமா போவலாம்" என்றேன்.

தலையாட்டினான். எழுந்து, காய்ந்துகொண்டிருந்த பனியனை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பி நின்று என்னிடம் கேட்டான்.

"அப்ப தொட்டிக்கு யார மாமா பத்லி வுட்றது?"